மூலையில் இருந்த படம்

கிளாக்கரய்யா மவுஸைத் தள்ளும் விதம்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. திரையைப் பார்க்க மாட்டார். வலது கீழ்மூலையை நோக்கி ஒரே தள்ளு. அம்பு இனிப் போக இடமில்லாமல் நின்றதும் ஓர் அமுக்கு. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபிஸில் காலமெல்லாம் பதிவேடு எழுதியவர். இரண்டு கண்ணிலும் புரை படர்ந்திருந்ததை எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார். நான் ஹட்டன் பஜாரில், அப்பா விட்டுப்போன கடையில், கம்ப்யூட்டர் திருத்துகிறவன்.

அந்த ஆபிஸ் கம்ப்யூட்டர் எதைப் போட்டாலும் மூச்சு வாங்கும். லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். திரையின் அடியில் பேனல் என்று ஒரு பட்டை, அதில் வரிசையாக லோஞ்சர் படங்கள். ஒவ்வொன்றையும் அமுக்கினால் அதற்கென்று எழுதி வைத்த மெசேஜ், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் உள்ள எல்லாப் போனுக்கும் போகும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது ஒன்று. இன்று வேலை இல்லை, வீட்டிலேயே இருங்கள் என்பது இன்னொன்று. உடனே லயத்தை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்பது மூன்றாவது. மேல்லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது, ஒரு கால் நுழையும் அகலத்துக்கு. அதிகாரிகள் வந்து பார்த்து ஓர் எச்சரிக்கைப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள். சனங்களுக்கு வேறு வீடு கொடுக்க ஒருவரும் இல்லை.

"அந்த மூணாவத மட்டும் மூலையில வைங்க தம்பி," என்றார் ஐயா. "படம் பாத்து அமுக்குறதெல்லாம் ஒங்களுக்கு. எனக்கு எடம் தெரிஞ்சா போதும்." அப்படியே வைத்தேன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு, எதையும் அழகாக அடுக்காவிட்டால் கை ஊறும். அவர் கண்ணைக் காட்டக் கண்டிக்குப் போயிருந்த நாளில் பேனலைப் புதிதாக மாற்றினேன். முக்கியமானது முதலில்தானே இருக்க வேண்டும் என்று மூன்றாவது படத்தை இடது பக்கம் முதலாவதாகக் கொண்டுபோனேன். 'வேலை இல்லை' மூலைக்கு வந்துவிட்டது. தோட்டத்தை நடத்தும் தொரை எட்டிப் பார்த்து, இப்போதுதான் ஆபிஸ் மாதிரி இருக்கிறது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐயாவுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி பஸ் ஏறினேன். ஹட்டனில் இறங்கும்போது மறந்துபோயிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில், சனங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் தண்ணீர் செம்மண்ணாக வந்ததாம். மழைமானி நிரம்பி வழிந்ததாம். கிளாக்கரய்யா மவுஸைத் தள்ளினார், அமுக்கினார், ஜன்னலோரம் நின்று மேல்லயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு யாரும் வெளியே வரவில்லை. கூரைகளில் அடுப்புப் புகைதான் வந்தது. அப்போது மேல்லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள்.

"ஐயா, லீவு விட்டது நல்லதாப் போச்சுங்க. புள்ளைக்குக் காய்ச்சல். எப்படி விட்டுட்டு வர்றதுன்னு இருந்தேன்."

வெளியே ஓடு என்று அவர் கத்தியது அவளுக்குக் கேட்டதோ என்னவோ, லைன் அறுந்துவிட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடி, ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறார். கடைசிக் காம்பராவுக்கு நான்கு கதவு இருக்கும்போது மலை இறங்கியது. தாயும் பிள்ளையும் உள்ளேதான் இருந்தார்கள். புருஷன் கொழும்பில் வேலையில் இருந்தான்.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதிகாரி சிங்களத்தில் கேட்க, ஒரு வாத்தியார் தமிழில் சொன்னார்: படங்களை மாற்றியதை இவரிடம் சொன்னீர்களா? நான் வாய் திறக்குமுன் கிளாக்கரய்யா எழுந்தார்.

"சொன்னாருங்க. ரெண்டு தடவ சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான் தலையாட்டினேன். அவ்வளவு பேருக்கு முன்னால், கூசாமல் தலையாட்டினேன். ஐயா வெளியே வந்தபோது, வாசலில் காத்திருந்த அந்தப் பெண்ணின் புருஷன் அவர் முகத்தில் துப்பினான். அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அன்றோடு வேலை போய், இப்போது வட்டவளையில் மகள் வீட்டில் இருக்கிறார். பார்வை முழுதாகப் போய்விட்டது என்று கேள்வி. ரயிலில் எத்தனையோ முறை அந்த ஸ்டேஷனைக் கடந்துவிட்டேன், ஒருமுறைகூட இறங்கியதில்லை.

மேல்லயத்தில் மறுபடி சனம் இருக்கிறது. போக இடமிருந்தால் போயிருப்பார்கள். இந்த வாரமும் மழை விடவில்லை. நேற்று அந்தப் புருஷன் என் கடைக்கு வந்தான், சார்ஜ் ஏறாத ஒரு போனோடு. என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. திருத்திக் கொடுத்ததும் மனைவியின் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிளாக்கரு வட்டவளையில இருக்கானாம், மொதலாளி," என்றான். "நாளான்னைக்கிப் போறேன். கண்ணு தெரியாதாம். தெரியாட்டி என்ன, நான் யாருன்னு சொல்லிட்டே செய்வேன்."

என்ன செய்வான் என்று நான் கேட்கவில்லை. நாளைக்குத்தான் போகிறான். மாற்றியது நான், சொல்லாமல் விட்டதும் நான் என்று அவனிடம் சொல்ல வேண்டும். பில்லில் அவன் நம்பர் இருக்கிறது. காலையிலிருந்து அந்தப் பில்லை மேசையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன், இன்னும் கூப்பிடவில்லை.