சன்னலைச் சாத்தச் சொன்ன குரல்

கருங்கல் ஊர்ச் சந்தையில் ராகேலின் குரலை அறியாதவர்கள் குறைவு. துணிக்கடைத் தள்ளுபடியோ, ஆலயத் திருவிழாவோ, ஆட்டோவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்பவள் அவள்தான். கணவர் மஸ்கட்டில் கட்டட வேலை செய்தார். அவர் வீட்டுக்கு மாடி எடுக்க அனுப்பிய பணம் ஒருநாள் அவள் கணக்கிலிருந்து போய்விட்டது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவனிடம் ஓடிபி எண்ணை அவளே வாசித்துக் காட்டியிருந்தாள்.

கணவர் திட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டதுதான் அவளைத் தைத்தது.

"ஊருக்கெல்லாம் மைக்குல படிக்கவ, நீ எப்பிடிட்டி ஏமாந்த?"

அதன்பிறகு பல மாதங்கள் அவள் வேலைக்குப் போகவில்லை. காவல்துறையின் சைபர் பிரிவு கிராமங்களில் விழிப்புணர்வுப் பிரசாரம் செய்ய ஆள் தேடுகிறது என்று ஆட்டோக்காரர் சிஜோ வந்து சொன்னபோதுதான் கிளம்பினாள்.

எழுதிக் கொடுத்த வாசகம் 'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு' என்று தொடங்கியது. அதை அவள் படித்துக்கொண்டு போனபோது டீக்கடையில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. சைபர் பிரிவின் உதவி ஆய்வாளர் சுஜாவிடம் போய்க் கேட்டாள்.

"மேடம், இத நம்ம பேச்சுல சொல்லட்டா?"

"விசயம் மாறாம சொன்னா போதும்" என்றார் சுஜா.

மறுநாள் தாழக்குடியில் ஆட்டோ மெதுவாக ஊர்ந்தது. "மக்கா, போலீசு சொல்லச் சொன்னதாக்கும், கொஞ்சம் கேட்டுக்கிடுங்க! எந்தப் போலீசும் வீடியோவுல வந்து ஆளப் புடிக்காது. யூனிபாரம் போட்டுட்டு ஒருத்தன் போன்ல வந்து, வீட்டுல யாருகிட்டயும் சொல்லப்பிடாதுன்னு மிரட்டுனா அவன் கள்ளனாக்கும். போன வச்சிட்டு ஒண்ணு ஒம்பது மூணு சைபர்ங்கிற நம்பருக்குக் கூப்பிடுங்க."

அந்தத் தெருவில் ஒரு வீட்டின் பூட்டிய அறைக்குள் பூதலிங்கம் உட்கார்ந்திருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். முந்தின நாளிலிருந்து அவர் முன்னால் செல்போனில் வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகவும், விசாரணை முடியும்வரை அறையைவிட்டு நகரக்கூடாது என்றும் திரையில் இருந்த காக்கிச் சட்டைக்காரன் சொல்லியிருந்தான். மனைவி பார்வதியம்மாள் கதவைத் தட்டியபோதெல்லாம், "பென்சன் வேலையாக்கும், நீ போ" என்று அனுப்பிவிட்டார். 'சரிபார்க்க' என்று அவன் கேட்ட பணத்தில் ஒரு பகுதியைக் காலையில் அனுப்பியும் விட்டார். மீதிக்கு வங்கியில் போட்டிருந்த வைப்புத்தொகையை உடைக்க வேண்டும்.

ராகேலின் குரல் உள்ளே வந்ததும் திரையில் இருந்தவன் பதறினான்.

"என்ன சத்தம் அது? ஜன்னலை மூடுங்க, உடனே மூடுங்க!"

பூதலிங்கம் எழுந்து சன்னல் கதவில் கை வைத்தார். போலீஸ் சொல்லச் சொன்ன செய்தியைக் கேட்டு ஒரு போலீஸ்காரன் ஏன் பயப்பட வேண்டும்? அந்த ஒரு கேள்வி மனதில் எழுந்ததும் கை நின்றுவிட்டது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

பனியனோடு தெருவுக்கு ஓடிவந்தவரைக் கண்டு சிஜோ வண்டியை நிறுத்தினார். பெரியவர் போனை நீட்டினார். திரையில் அந்தக் காக்கிச் சட்டைக்காரன் கத்திக்கொண்டிருந்தான்.

ராகேல் முதலில் மைக்கை அணைத்தாள். பிறகு போனை வாங்கித் துண்டித்தாள். அது உடனே மறுபடி அடித்தது.

"எடுக்கலேன்னா புடிச்சிட்டுப் போயிருவான், பிள்ளே" என்றார் அவர்.

"ஒருத்தனும் வரமாட்டான் அண்ணாச்சி. உள்ள வாருங்க, உக்காந்து பேசுவோம்."

விஷயம் தெரிந்ததும் பார்வதியம்மாள் அழுதார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? நான் யாராக்கும் உங்களுக்கு?"

ராகேல் அங்கேயே உதவி எண்ணுக்குப் பேசி, விவரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொன்னாள். அனுப்பிய பணத்தில் பாதிக்குமேல் கள்ளன் கைக்குப் போகுமுன் வங்கிகளில் நிறுத்தி வைத்தார்கள். மற்றது போனது போனதுதான். கிளம்பும்போது பூதலிங்கம் வாசல்வரை வந்தார்.

"வெளிய தெரிஞ்சா நாணக்கேடு. எம்பேரச் சொல்லிராத, என்னா?"

"சொல்லமாட்டேன் அண்ணாச்சி. நானும் ஏமாந்தவதான்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தன் கதையைச் சொன்னாள். தனக்கு நடந்ததை முன்பின் தெரியாத ஒருவரிடம் அவள் சொன்னது அதுதான் முதல்முறை.

சில வாரம் கழித்து பூதலிங்கம் போன் செய்தார். பிரசாரக் கூட்டத்தில் வந்து பேசுவீர்களா என்று சுஜா கேட்டிருந்தாராம். இவர் முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

"எனக்கு அதுக்குத் தைரியம் இல்ல. ஆனா நீ ஒண்ணு சேத்துச் சொல்லு. ஏமாந்தவன் மடையன் இல்லன்னு சொல்லு. அது தெரிஞ்சிருந்தா நான் அன்னைக்கே பார்வதிகிட்ட வாயத் தெறந்திருப்பேன்."

ராகேல் அதைச் சேர்த்துக்கொண்டாள். அஞ்சுகிராமம் கடைத்தெருவில் அதை முதன்முதலாகச் சொன்ன அன்று, பழக்கடையில் நின்ற இளம்பெண் ஒருத்தி ஆட்டோவின் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தாள். வண்டி நின்றதும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, கொஞ்சம் பேசணும். யாருக்கும் தெரியப்பிடாது."

சிஜோ இறங்கி டீக்கடைப் பக்கம் நடந்தார். ராகேல் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

"ஏறி இரி மக்கா" என்றாள்.