எச்சில் கை

வில்லியனூர் கல்யாண மண்டபத்தில் கோய் மீன் கண்காட்சி. நீலத் தொட்டிகளில் சிவப்பும் வெள்ளையுமாக ஜப்பான் மீன்கள். ஒரு தொட்டியின் சொந்தக்காரர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் ஐந்து மோதிரங்களுமாக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். யாராவது தண்ணீரைத் தொடப் போனால் போதும், "கைய எடுபா, கிருமி!" என்று சீறுவார். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"இன்னா சார் தீனி போடுவீங்க?" என்று சமாதானமாகக் கேட்டேன்.

"அஞ்சு நாளா பட்டினி சார். தின்னா பேண்டு வெக்கும், தண்ணி கலங்கும், பரிசு பூடும்."

நடுவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார். எலும்பு வரைக்கும் உறிஞ்சித் தின்றுவிட்டு, குழாய்க்கு எழுந்து போகச் சோம்பல்பட்டு, எச்சில் கையைத் தொட்டிக்குள்ளேயே விட்டு அலசினார். தண்ணீரில் எண்ணெய் படர்ந்தது. மீன்கள் பாய்ந்து வந்து அவர் விரல்களை மொய்த்தன, ஒட்டியிருந்த சோற்றுக்காக.

"பாத்தீங்களா சார், எம்மேல இன்னா பாசம்!"

உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

சாயங்காலம் முதல் பரிசு அவருக்குத்தான். எல்லாரும் வரிசையாகப் போய் அவருக்குக் கை கொடுத்தார்கள்.

நானும் கொடுத்தேன்.