கோட்டுச்சேரிப் படையலும் நான் வாங்கிப்போன பால்கோவாவும்

என் மனைவி கலா இறந்து மூன்று பொங்கல் ஆகிவிட்டது. சுமங்கலியாகப் போனவளுக்கு மாட்டுப் பொங்கலன்று புதுப்புடவை வைத்துப் படைப்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அதனால் எனக்கும் பதினேழு வயது மகள் யாழினிக்கும் பொங்கல் விடுமுறை என்றால் காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிதான். இந்த முறை ஒரு முடிவோடு போனேன். அடுத்த வருடத்திலிருந்து படையல் சென்னையில், என் வீட்டில். தங்கை இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தபோது ஒரே ஒரு நாள் வந்து, மாலை பேருந்துக்கே திரும்பிவிட்ட அண்ணன் வீட்டில் அவளுக்கு எதற்கு இலை? இதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும்.

பொங்கலன்று காலையில் கிளம்புவது புத்திசாலித்தனம். போகிறவர்கள் எல்லாம் முன்பே போயிருப்பார்கள். எழும்பூரிலிருந்து மயிலாடுதுறைக்கு ரயிலில் இருக்கை ஒன்று 135 ரூபாய், மதியம் 12.20க்கு இறங்கினோம். அங்கிருந்து பொறையாறு வழியாகப் பேருந்து, சுமார் 33 கிலோமீட்டர், முப்பது ரூபாய், ஒன்றே கால் மணி நேரம். பூவத்தில் புதுச்சேரி எல்லை தொடங்குகிறது, கூடவே மதுக்கடைகளும். குடும்பத்தைப் பேருந்திலேயே உட்காரவைத்துவிட்டு மூன்று பேர் இறங்கி ஓடினார்கள். பத்து நிமிடம் போயிற்று. நடத்துநரும் காத்திருந்தார். நம் ஊர் பொறுமை இதற்கு மட்டும்தான்.

கோட்டுச்சேரி நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். "மாமியார் வூடா சார்? அப்ப திரும்பறப்ப நூறு. பை கனமாயிடும்ல" என்றார் ஓட்டுநர். என் கையில் அரைக் கிலோ பால்கோவா மட்டும்தான் இருந்தது. கலாவுக்குப் பிடித்தது என்று வருடா வருடம் நான் வாங்கிப்போவது.

மறுநாள் பன்னிரண்டரைக்குப் படையல். இலையில் பொங்கல், வடை, மொச்சைக் குழம்பு. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அதற்காகவே மைத்துனர் முந்தின நாள் வண்டியில் பட்டினச்சேரிவரை போயிருக்கிறார். போக வர இருபத்தைந்து கிலோமீட்டர்.

எனக்கு அந்த வாடை ஆகாது. பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் எங்கள் வீட்டுக்குள் கருவாடு வந்ததில்லை.

"இத எடுத்துடுங்க மச்சான். அவ கருவாட்டத் தொடவே மாட்டா" என்றேன்.

"உங்க வூட்டுல தொட்டிருக்காது மாப்ள" என்றார் அவர், கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டே. "இங்க வந்தா பையக் கீழ வைக்கிறதுக்கு முன்னாடி இதத்தான் கேக்கும்."

யாழினியைப் பார்த்தேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"நீங்க வெளியூர் போறப்ப நம்ம வீட்டுலயும் அம்மா இத வைப்பாங்கப்பா. நீங்க வர்றதுக்குள்ள ஜன்னலெல்லாம் தொறந்துவிட்டு சாம்பிராணி போட்டுருவாங்க."

தணிக்கை வேலையாக மாதம் ஒருமுறை வெளியூர் போவேன். திரும்பும்போது வீடு சாம்பிராணி மணக்கும். நான் நல்லபடியாக வந்து சேரச் சாமி கும்பிடுகிறாள் என்று அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மைத்துனரின் மனைவி சிரிப்பை மறைக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது, கலா மீது. மூன்று வருடத்தில் அவள் மீது கோபப்பட்டது அப்போதுதான்.

கிண்ணம் இலையருகிலேயே இருந்தது. கற்பூரம் காட்டியதும் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். இறந்தவள் வந்து சாப்பிடுவதற்கான நேரம் அது. ஐந்து நிமிடம். அங்கே நின்றுதான் மைத்துனரிடம் என் முடிவைச் சொன்னேன். மருத்துவமனை விஷயத்தையும் சேர்த்தே சொன்னேன். அதற்கு அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதை நான் மன்னிக்கவில்லை; இப்போதும் இல்லை.

பிறகு, "தாராளமா அங்கயே படைங்க மாப்ள" என்றார். "என்னென்ன வைப்பீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பால்கோவா என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவள் கேட்டு நான் வாங்கியதா, நான் வாங்கியதால் அவள் சாப்பிட்டதா என்று அப்போது நினைவுக்கு வரவில்லை. "அடுத்த வருஷமும் இங்கயே இருக்கட்டும்" என்றேன். அவர் கதவைத் திறந்தார்.

இப்படிப் படையலுக்குப் போகிறவர்களுக்கு: காணும் பொங்கலன்று திரும்பாதீர்கள், கடற்கரைக்குப் போகும் கூட்டத்தில் பேருந்தில் கால் வைக்க இடமிருக்காது. நாங்கள் அதற்கு மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம், உட்கார இடம் கிடைத்தது. இலையில் வைக்க எதையும் வாங்கும் முன் அந்த வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று நினைத்தால், பிள்ளைகளையும் கேளுங்கள்.

நான் பேருந்தில் கேட்டேன். அம்மாவுக்கு வேறு என்னவெல்லாம் பிடிக்கும், எனக்குத் தெரியாமல்? "கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் யாழினி. பொறையாறு தாண்டுவதற்குள் நான்கு சொல்லிவிட்டாள். ஐந்தாவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் குறுக்கே பேசவில்லை.