கேமரா போட்ட கிரெயின்

கருப்பு ஷூவை ஃபோட்டோ எடுப்பது என் வேலையாக இருந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்கு சாம்பிளை கூரியரில் அனுப்பும் முன் ஃபோட்டோவை மெயிலில் அனுப்ப வேண்டும். அதற்கென்று கம்பெனி ஒரு டிஜிட்டல் கேமராவை வாங்கி என் தலையில் கட்டியிருந்தது. அதற்குத் தெரிந்த நிறங்கள் இரண்டு. ஜன்னல் பக்கம் திருப்பினால் வெள்ளை, இல்லாவிட்டால் கருப்பு.

அந்த வருடம் ஆர்டர் கம்மி. ஸ்டிச்சிங் லைன்களில் ஒன்றை நிறுத்தப்போவதாகப் பேச்சு அடிபட்டது. என் மனைவி தைத்துக்கொண்டிருந்த லைன் அது. வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்களே என்று சாம்பிளையும் அவர்களிடமே கொடுத்தார்கள். ஜெர்மனிக்காரர் ஒருவர் கேட்டிருந்த கருப்பு ஷூவைத் தைத்தது அவள்தான். அந்த ஆர்டர் வந்தால் லைன் ஓடும், வராவிட்டால் மூடுவார்கள். வீட்டில் இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்குமே பயம்.

ஷூவை வெள்ளைத் துணி மேல் வைத்து எடுத்தேன். தார் கொட்டிய மாதிரி வந்தது. மடிப்பு எங்கே, தையல் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினால் துணி வெளுத்துப்போய் ஷூவின் விளிம்பையும் சேர்த்துத் தின்றது. கடைசியில் இருட்டாகவே எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு நிழலில் மட்டும் வெளிச்சத்தை ஏற்றினேன். ஷூ வெளியே வந்தது. கூடவே மேலெல்லாம் பொடிப்பொடியாகப் புள்ளி. போதும் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாளே பதில் வந்தது. கிரெயின் பிரமாதம், இதே தோல்தான் வேண்டும் என்று.

ஃபோட்டோக்காரனுக்கு கிரெயின் என்றால் படத்தில் புள்ளிபுள்ளியாக விழும் கோளாறு. எங்கள் ஊரில் கிரெயின் என்றால் தோலின் முகம், அதன் மேல் இயற்கையாக உள்ள வரியும் புள்ளியும்; தோலுக்கு மதிப்பே அதை வைத்துத்தான். அந்த ஷூவின் தோலோ சுத்த வழவழப்பு. மேனேஜர் மெயிலைப் படித்தார், ஷூவைத் தடவினார், என்னைப் பார்த்தார். பிறகு ஃபோட்டோவை பிரிண்ட் எடுத்து, தோல் பதனிடும் வாணியம்பாடி டேனரிக்கு என்னையே அனுப்பினார்.

டேனரி முதலாளி பிரிண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இன்னா சார் இது? இந்த மாதிரி கிரெயின் எந்த மாட்டுக்கும் கெடையாதே."

"இந்தப் புள்ளி வர்ற மாதிரி தோல் மேல பிளேட் போட்டு அழுத்திக் குடுங்க பாய்."

"குடுக்கலாம். ஆனா இங்க ஜாஸ்தியா இருக்குது, அங்க கம்மியா இருக்குது. எதப் பாத்து அழுத்துறது?"

இருந்தாலும் இரண்டு தடவை அழுத்திக் கொடுத்தார். இரண்டு தடவையும் சாம்பிள் ஜெர்மனி போனது, ஃபோட்டோவில் உள்ளது போல இல்லை என்று பதில் வந்தது. ஜெர்மனிக்காரர் சொன்னது நியாயம்தான்.

மேனேஜர் பேஜாராகிவிட்டார். "எதையாவது பண்ணுய்யா" என்றார். கல்யாண ஃபோட்டோ எடுக்கும் ஒரு தோஸ்த்திடம் பெரிய கேமரா இருந்தது. எங்கள் சர்ச் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குக் கருப்பு கோட்டு, பெண்ணுக்கு வெள்ளைப் புடவை. இரண்டையும் ஒரே படத்தில் காப்பாற்றத்தான் அவன் அதை வாங்கியிருந்தான். கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாளைக்கு வாங்கி வந்தேன்.

அதே மேஜை, அதே ஜன்னல், கூரியர் போகாமல் கிடந்த அந்த முதல் ஷூ. இரண்டு கேமராவிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரிய கேமராவில் துணியின் இழையும் இருந்தது, தோலின் வழவழப்பும் இருந்தது. நிழலில் வெளிச்சத்தை எவ்வளவு ஏற்றினாலும் புள்ளி விழவில்லை. ஷூவுக்குள்ளே லைனிங் வரைக்கும் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கிரெயின் தோலில் இல்லை, கேமராவில் இருந்தது என்று எழுதி, இரண்டு படத்தையும் அனுப்பினோம்.

பதில் வரவில்லை. சாப்பாடு போடும்போது மட்டும் மனைவி, "மெயில் வந்துச்சா?" என்பாள். அதற்கு மேல் கேட்கமாட்டாள்.

வாரக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "ஆர்டர் கன்ஃபர்ம்யா. பிளெய்னே போதுமாம். லைன் ஓடும்." ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "ஒண்ணே ஒண்ணு. புது ஃபோட்டோல உள்பக்கம், குதிகால்கிட்ட ஒரு தையல் விட்டுப்போயிருக்குதாம். அந்த ஆப்பரேட்டர மாத்தச் சொல்றான். யாரு தச்சது?"

சூப்பர்வைசரைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நானே சொன்னேன். படம் தெளிவாக வந்ததென்று அப்படிச் சந்தோஷப்பட்டோமே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

திங்கட்கிழமை லைன் ஓடியது. அவளை மெஷினிலிருந்து எடுத்து, ஷூவுக்குள் காகிதம் திணிக்கிற பேக்கிங் வேலையில் போட்டார்கள். சாயங்காலம் கம்பெனி பஸ் ஏறும் முன் என் மேஜைக்கு வந்து, அந்தப் படத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். பெரிதாக்கச் சொன்னாள். தையல் விட்டுப்போயிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"பழைய கேமராவுல எடுத்தது எங்க?"

அதையும் திறந்து அதே அளவுக்குப் பெரிதாக்கினேன். அந்த இடத்தில் வெறும் புள்ளிதான் இருந்தது. அவள் அதன் மேலும் விரலை வைத்தாள்.

"இதுல நல்லாத்தாங்க தச்சிருக்கேன்" என்றாள்.