மகளின் காதும் பின்வளவு டவரும்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பது. பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் வந்து நின்றாள்.

“அம்மா, இடது காதுக்குள்ளை விசில் அடிக்குது. நீங்கள் கதைக்கிறது கேக்கேல்லை.”

நான் உடனே தீர்ப்பு எழுதிவிட்டேன் — டவர்!

எனக்குத் தெரியாதா? மின்காந்த அலை நரம்பைத் தின்னும், காதை அடைக்கும் என்று வட்ஸ்அப்பில் எத்தனை படித்திருக்கிறேன்... வீட்டுப் பின்வளவில் போன் டவர் வேண்டாமென்று பெட்டிஷன் எழுதியதே நான்தான். எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்கக் கையெழுத்து வைத்தது. டவரும் வந்தது.

அன்றே வைஃபையை நிறுத்தினேன். போனைப் பிஸ்கட் டின்னுக்குள் அடைத்தேன். மகளின் மேசையை டவர் தெரியாத முன்பக்க ஜன்னலடிக்கு இழுத்தேன். விசில் கூடியது.

“பாத்தியே, எவ்வளவு அலை உடம்பிலை ஏறியிருக்குது!”

இரண்டு நாள் இப்படியே போனது. வியாழன், பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு காது டொக்டர். என் டவர் சொற்பொழிவைப் பொறுமையாகக் கேட்டார்.

“அம்மா, டவர் அலையாலை காது நரம்பு கெடுமெண்டதுக்கு ஆதாரம் இல்லை. பக்கத்திலை கோயில் திருவிழாவோ?”

“ஓம். ஹோர்ன் ஸ்பீக்கர் எங்கடை மாமரத்திலைதான் கட்டினவை. விடிய நாலரைக்கே பாட்டுப் போடுவினம்.” என் குரலில் கொஞ்சம் பெருமை.

மகள் குறுக்கிட்டாள். “கொடியேறின நாளிலையிருந்து அந்த மரத்தடியிலைதான் விடிய இருந்து படிக்கிறனான். இப்ப அம்மா மேசையையும் அதுக்கு நேரை போட்டுட்டா.”

டொக்டர் பேனையை வைத்தார். “இது அந்த ஹோர்ன் சத்தத்தாலை வந்தது. முதல் நாளே வந்திருக்க வேணும். இது பொறுத்துப் பாக்கிற வருத்தமில்லை.”

குளிசை எழுதினார். காது பழையபடி கேட்குமா? “பாப்பம்” என்றார்.

கண்ணுக்குத் தெரியாத அலைக்குப் பயந்து ஓடுகிறோம். ஜன்னல் கண்ணாடி அதிரும் சத்தத்துக்கோ ஏணி பிடித்துக் கொடுக்கிறோம். ஏன்? டவர் யாரோ வைத்தது. ஹோர்ன் நாங்களே வைத்தது!

அதைக் கழற்றச் சொல்லி இன்னொரு பெட்டிஷன் எழுதினேன். விழுந்த கையெழுத்து ஒன்று — என்னுடையது. “சாமி காரியமக்கா...” என்று ஒழுங்கை நழுவியது.

விசில் இப்போது குறைவு. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் மூன்றாம் தரம் திரும்பிப் பார்க்கிறாள்.

கோயிலுக்குப் போன் எடுத்து எடுத்து, சனிக்கிழமை பின்னேரம் ஒருவழியாக ஸ்பீக்கர்காரர் ஏணியோடு வந்தார். இருபது வருடமாக ஹோர்ன் கட்டுகிறவர். பிள்ளையின் காது, குளிசை, பரீட்சை — அழாத குறையாக எல்லாம் சொல்லி முடித்தேன்.

அவர் கையைக் காதருகே குவித்தார்.

“என்னக்கா? கொஞ்சம் பலமாக் கதையுங்கோ!”