முதல் சுரைக்காய்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான் விதை போட்டு வளர்த்த சுரைக்கொடியில் முதல் காய் வந்தது. கூட்டு வைத்துக் கணவருக்குப் பரிமாறினேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார். நான் சாப்பிட உட்காருவதற்குள் ரத்தமாக வாந்தி எடுத்தார்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில், சுரைக்காய் என்று சொன்னதும் டாக்டர் அவரிடம், “கசந்துச்சாங்க? கசக்குற சுரைக்காய் விஷம்” என்றார்.

கணவர் தலையாட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“கசந்துச்சின்னா ஏங்க சொல்லல?”

“தெனமும் அதையே பாத்துக்கினு இருந்த. மொத காயி. எப்படிச் சொல்றது?”

துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது, சட்டியில் மிச்சமிருந்த கூட்டை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன். உடனே துப்பினேன். இதையா அவ்வளவும் சாப்பிட்டார்? பின்னால் போய்க் கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டேன்.

மூன்றாம் நாள் அவர் பிழைத்து வீடு வந்தார்.