வளையத்தில் சிக்கிய மட்டை

பேஸ்போல் கழகத்தில் மட்டைகளுக்குப் பொறுப்பாக இருப்பவன் பந்தை அடித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் மற்றவர்கள் அடிக்காவிட்டால் எல்லாரும் அவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஏதாவதொரு சங்கத்திலோ பெற்றோர் குழுவிலோ தெரியாத்தனமாகத் தலையைக் கொடுத்துவிட்டு முழிக்கும் அன்பர்களே, என் கதை உங்களுக்கு விளங்கும்.

கேக்கால் வந்த பதவி

என்னை இந்த விளையாட்டுக்கு இழுத்து வந்தவர் குமார் அண்ணை. ஜன்னல் தொழிற்சாலையில் வேலை, ஐம்பது வயது, டென்மார்க்கில் வைலே நகரில் இருக்கும் எங்கள் கழகத்திலேயே ஆகத் தூரம் அடிப்பவர். "கிரிக்கெட் விளையாடினவனுக்கு இதென்ன பெரிய வேலை" என்றுதான் கூட்டி வந்தார். எனக்கு அது பெரிய வேலையாகவே இருந்தது. பந்து அதிகம் வராத வலது மூலையில் என்னை நிறுத்தி வைத்தார்கள்.

பொதுக்கூட்டத்தில் பயிற்சியாளர் மெட்டே, மட்டைகளுக்கு யார் பொறுப்பெடுப்பது என்று கேட்டார். எல்லாரும் தங்கள் கோப்பியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நான் இரண்டாவது கேக் துண்டுக்காக எழும்பினேன். மெட்டே சொன்னார்: "நன்றி சிவா, இனி உட்காரலாம்."

கடிதமும் வளையமும்

பதவிக்கு வந்த முதல் கிழமையே பேஸ்போல் சம்மேளனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மேல் பிரிவில் ஆடும் அணிகளுக்கு இனி மர மட்டை மட்டும்தான். கீழ்ப் பிரிவுக்குப் பழையபடி. கூடவே ஒரு உலோக வளையம். மட்டையின் பருத்த பக்கம் அதற்குள்ளால் தடையில்லாமல் போக வேண்டும். போகாவிட்டால் மட்டை செல்லாது. நாங்கள் மேல் பிரிவு. வளையத்தை எந்நேரமும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அதிகாரம் என்று ஒன்று என் கைக்கு வந்தது அப்போதுதான். வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

முதல் வேலையாகக் குமார் அண்ணையின் அலுமினிய மட்டையை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஏழு வருடமாக அவர் வேறு மட்டை தொட்டதில்லை. சண்டை பிடிப்பார் என்று பயந்தேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்: "தடை செய்தது அவங்கள், தம்பி. ஆனா என்ரை கையிலையிருந்து பறிச்சது நீ."

தக்காளிக்கு வந்த நிம்மதி

அலுமினிய மட்டையில் எங்கே பட்டாலும் பந்து பறக்கும். மரத்தில் சரியான இடத்தில் படாவிட்டால் பந்து காலடியில் விழும். ஏப்ரல் குளிரில் கை தோள்வரை விறைக்கும். முன்பு குமார் அண்ணை அடிக்க வந்தால் எதிரணி வேலி ஓரம்வரை பின்னால் போகும். இப்போது பத்து அடி முன்னால் வந்து நின்றார்கள். அதைப் பார்த்தபோது அவர் முகம் சுருங்கியது. எனக்குப் பாவமாக இருந்தது. என் விஷயத்தில் மட்டும் சட்டம் எதையும் மாற்றவில்லை. எனக்கு அவர்கள் எப்போதும் முன்னால்தான் நின்றார்கள்.

வேலிக்கு அப்பால் தோட்டம் வைத்திருக்கும் டேனிஷ்காரர் ஒருநாள் என்னை மறித்துக் கேட்டார்: "இந்த வருடம் என் தக்காளிக் கூட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. உங்கள் கழகத்தை மூடிவிட்டார்களா?"

நல்லெண்ணெய் வைத்தியம்

குற்றவுணர்ச்சி என்னை விடவில்லை. கிரிக்கெட் மட்டைக்கு எண்ணெய் பூசி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டிப் பழக்கினால் பந்து நன்றாகப் போகும். இதற்கும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். குமார் அண்ணைக்கென்று ஒரு மர மட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, கையில் அகப்பட்ட நல்லெண்ணெயைப் பூசி, இரண்டு கிழமை குசினியில் வைத்துத் தட்டினேன். மனைவி சுகந்தி வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எண்ணெய் வைச்சாச்சு, தட்டிக் குடுத்தாச்சு. இனித் தொட்டில்தான் மிச்சம்."

எஸ்பியர்க் ஆட்டம்

பருவத்தின் கடைசி ஆட்டம் எஸ்பியர்க் அணியோடு. தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். தொடங்குமுன் நடுவர் எல்லா மட்டைகளையும் பார்த்துச் சரி என்றார். பாதி ஆட்டத்தில் குமார் அண்ணையின் மட்டையில் மெல்லிய வெடிப்பொன்று கண்ணில் பட்டது. ஊரில் கிரிக்கெட் மட்டை வெடித்தால் செய்வதைச் செய்தேன்: டேப் எடுத்து, இறுக்கமாக, அழகாக மூன்று சுற்று.

கடைசி வாய்ப்பு, இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் ஆட்டம் முடிந்தது. ஒரு ஓட்டம் பின்னால் நிற்கிறோம், இரண்டு பேர் ஓடுவதற்குத் தயார். குமார் அண்ணை அடித்தார். முன்னால் வந்து நின்றவர்களின் தலைக்கு மேலால் பந்து வேலிவரை போனது. இரண்டு பேரும் ஓடி முடித்தார்கள். வென்றோம் என்று துள்ளினோம். குமார் அண்ணை என்னைக் கட்டிப்பிடித்தார், ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக.

எதிரணிக்காரர் ஒருவர் கீழே கிடந்த மட்டையை எடுத்து நடுவரிடம் காட்டினார். நடுவர் என்னைக் கூப்பிட்டு வளையத்தைக் கேட்டார். நானே போட்டுப் பார்த்தேன். டேப் சுற்றிய இடத்தில் வளையம் சிக்கிக்கொண்டது. தள்ளினேன், திருகினேன், அசையவில்லை. செல்லாத மட்டையால் அடித்தவர் ஆட்டமிழந்தவர். ஓட்டங்களும் கணக்கில் இல்லை. ஆட்டம் முடிந்தது, தோற்றது நாங்கள். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வரும்போது காரில் பாதி வழியில் குமார் அண்ணை கேட்டார்.

"கீழ்ப் பிரிவிலை அலுமினியம் விடுவாங்களோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப இதை முதல் ஆட்டத்திலேயே செய்திருக்கலாமே, தம்பி."

இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் நான் கேக் பக்கமே போகாமல் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கழகத்தையே கீழே இறக்கியவனுக்கு அதே பதவியை மறுபடி கொடுக்க ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை, மறுத்தவர் அதை ஏற்க வேண்டி வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.